கிரிஃபித் எவன்ஸ்: ஈ கடியைத் துரத்திய குதிரை டாக்டர்

மைக்ரோஸ்கோப்ன்னாலே லூயி பாஸ்டர், ராபர்ட் காக்னு சொல்லுவீங்க. கிரிஃபித் எவன்ஸ்னு ஒருத்தர் இருந்தார், தெரியுமா? அப்போதைய பிரிட்டிஷ் இந்தியாவுலதான் அவரோட பெரிய வேலை நடந்தது.

1835-ல வேல்ஸ்ல பிறந்தவர். கால்நடை மருத்துவம் படிச்சு பிரிட்டிஷ் ராணுவத்துல குதிரைகளைப் பார்க்கிற டாக்டரா சேர்ந்தார். கனடாவுல போஸ்டிங். அங்க சும்மா இருக்காம மெக்கில் பல்கலைக்கழகத்துல மனுஷங்களுக்கான மருத்துவமும் படிச்சு 1864-ல பட்டம் வாங்கிட்டார். அதே வருஷம் உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்த அமெரிக்காவுக்குப் போய் ஆபிரகாம் லிங்கனையும் சந்திச்சார். (நமக்கு ஒரு டிகிரி முடிக்கவே மூச்சு வாங்குது.)

1877-ல இந்தியா வந்தார். 1880-ல தேரா இஸ்மாயில் கான் பக்கம் குதிரை, ஒட்டகம் எல்லாம் காய்ச்சல் வந்து, இளைச்சு, செத்துட்டிருந்துச்சு. ஊர்க்காரங்க அதை ‘சுர்ரா’ன்னு சொன்னாங்க. எவன்ஸ் ரத்தத்தை எடுத்து மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பார்த்தார். சிவப்பணுக்களுக்கு நடுவுல வாலாட்டிக்கிட்டு ஏதோ நெளிஞ்சது! அந்த ரத்தத்தை நல்லா இருந்த விலங்குக்குச் செலுத்தினார். அதுக்கும் நோய் வந்தது. ஈ கடிச்சுத்தான் பரவுதுன்னு ஊர்ல பேசிக்கிட்டதையும் அவர் ஒதுக்கல.

மேலதிகாரிகள் ஏத்துக்கவே இல்லை. ரத்தத்துல இருக்கிற உயிரி நோயோட கூட வருது, நோயை உண்டாக்காதுங்கிறதுதான் அப்போ பெரிய டாக்டர்களோட கருத்து. இங்கதான் எனக்குக் கோபம் வருது. ஆதாரம் ஸ்லைடுல நெளியுது, இன்னும் என்னதான் வேணும்? அந்த உயிரிக்கு இப்போ ட்ரிப்பனோசோமா எவன்சின்னு அவர் பேரே இருக்கு. ஈ விஷயத்தை 1901-ல லியனார்ட் ரோஜர்ஸ் சோதனை செஞ்சு காட்டினார்.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. தலைச்சோலை பக்கம் மேயுற மாட்டை மொய்க்கிற ஈக்களைப் பார்த்திருப்பீங்க. அதுல பெருசா, தோலைக் கிழிச்சு ரத்தம் குடிக்கிற ஈ ஒண்ணு உண்டு. ஒரு மாட்டுல பாதி குடிச்சுட்டிருக்கும்போது வால் அடிச்சா அடுத்த மாட்டுக்குப் பறக்கும். வாயில ஒட்டின ரத்தத்தோட கிருமியும் போயிடும். சுர்ரா பரவுறது இப்படித்தான். மாடுகளோட லுகோசிஸ் வைரஸ் பரவுற வழிகள்ல இதுவும் ஒண்ணு. அது ஹெச்ஐவி மாதிரி ரெட்ரோவைரஸ். மாட்டோட வெள்ளையணு டிஎன்ஏக்குள்ளயே தன்னை எழுதிக்கும். மாத்தாம பல மாட்டுக்குப் போடுற ஒரே ஊசி இன்னும் மோசம்.

ரெண்டுலயும் சிக்கல் ஒண்ணுதான்: பெரும்பாலான மாடுங்க நல்லாவே இருக்கிற மாதிரி தெரியும். லுகோசிஸ்ல கட்டி வர்றது நூத்துக்கு அஞ்சுக்கும் கம்மி. மீதி மாடுங்க பால் கறந்துக்கிட்டே பரப்பும். சுர்ராவுலயும் நாள்பட்ட மாட்டு ரத்தத்துல உயிரி ரொம்பக் கம்மி, ஸ்லைடுல சிக்காமப் போகலாம். அதனாலதான் இன்னைக்கு எலைசால ஆன்டிபாடி தேடுறாங்க, பிசிஆர்ல மரபணுவையே தேடுறாங்க. லுகோசிஸ்ல இன்னொரு தொல்லை, தாயோட சீம்பால் குடிச்ச கன்னுக்குட்டிக்கு நோய் இல்லாமலே ஆன்டிபாடி இருக்கும்; சில மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணணும். டென்மார்க் மாதிரி நாடுகள் இப்படி மந்தை மந்தையா டெஸ்ட் பண்ணி, பாசிட்டிவ் மாடுகளை விலக்கித்தான் அந்த வைரஸை ஒழிச்சாங்க.

எவன்ஸ் 1890-ல ரிட்டயர் ஆகி வேல்ஸ்ல பாங்கர் ஊருக்குப் போயிட்டார். 1917-ல லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அவருக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் கொடுத்தது. ஸ்லைடுல பார்த்து 37 வருஷம் கழிச்சு! 1935-ல இறந்தப்போ அவருக்கு வயசு நூறு.