இதயத்தின் எழுத்தைப் படித்தவர்

அம்பத்தூரில் மாலை நடைப்பயிற்சியின்போது எனக்கு இருமுறை கண் இருண்டு வந்தது. பித்தம் என்றார் நண்பர். வயதாகிவிட்டது என்றார் உறவினர். ஒரு மருத்துவமனையில் களைப்பு என்று கூறி குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினர். மூன்றாம் முறை மயங்கி விழுந்தபோது, வேறொரு சிறிய மருத்துவமனையில் எடுத்த இசிஜிதான் உண்மையைக் காட்டியது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 38. 'ஹார்ட் பிளாக்' என்றார் மருத்துவர்.

செய்தியறிந்து வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, 'எத்தனை சதவீதம் அடைப்பு? ஸ்டென்ட் வைத்தார்களா?' என்பதுதான். நம் பேச்சுவழக்கில் 'பிளாக்' என்றால் ரத்தக்குழாய் அடைப்பு. எனக்கு நேர்ந்தது வேறு. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைகளைச் சென்றடைய ஒரு பாதை உண்டு. அப்பாதை பழுதானால், ரத்தக்குழாய்கள் சீராக இருந்தாலும் கீழறைகளுக்குக் கட்டளை வந்து சேராது. அவை தாமாகவே மிக மெதுவாகத் துடிக்கும், மூளைக்குச் செல்லும் ரத்தம் குறையும், மயக்கம் வரும்.

கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பழுதை ஒரு தாளில் படிக்கும் வகை செய்தவர் வில்லெம் ஐந்தோவன்.

அவர் பிறந்தது ஐரோப்பாவில் அன்று. இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா தீவில், செமராங் என்னும் துறைமுக நகரில், 1860 மே 21 அன்று. தந்தை டச்சு மருத்துவர். சிறுவயதிலேயே வில்லெம் அவரை இழந்தார். ஆறு குழந்தைகளுடன் தாய் 1870-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். மருத்துவப் படிப்புக்கு வழி தேடிய இளைஞர், படித்து முடித்ததும் காலனி நாட்டுப் படையில் மருத்துவராகப் பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டு அரசின் உதவித்தொகை பெற்றார்.

ஆனால், காலம் அவரை ஆய்வகத்துக்கு அழைத்தது. 1885-இல் முனைவர் பட்டம் பெற்ற கையோடு, லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர் பதவி தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 25. இறுதிவரை அங்கேயே பணியாற்றினார்.

1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர், மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்து காட்டினார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்குவதைப் படம் பிடிக்கும் கருவி அது. பாதரசம் இதயத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை; பதிவு மழுங்கியே கிடைத்தது. ஐந்தோவனும் அக்கருவியுடன் ஆண்டுக்கணக்கில் போராடினார். தெருவில் குதிரை வண்டி சென்றாலே ஆய்வகம் அதிருமாம். தரையைத் தோண்டிப் பாறைகளை இட்டு நிரப்பியும் பயனில்லை என்பர். கடைசியில் கணிதத்தின் துணையால் பிழையைத் திருத்தி, உண்மையான அலைவடிவத்தை வருவித்தார். 1895-இல் அதன் மேடு பள்ளங்களுக்கு பி, க்யூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துவது அப்பெயர்களையே.

கணக்கிட்டுத் திருத்துவதில் அவருக்கு நிறைவில்லை. பிழையின்றிப் பதியும் கருவியே வேண்டும் என்று எண்ணினார். உருக்கிய குவார்ட்ஸை அம்பின் முனையில் பொருத்தி எய்து, மிக மெல்லிய இழையாக நீட்டினார். அதற்கு வெள்ளி பூசி, வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். இதயத்தின் நுண்ணிய மின்னோட்டம் பாய்ந்ததும் இழை அசைந்தது. அதன் நிழல் நகரும் ஒளிப்படத் தகட்டில் கோடாக விழுந்தது. 1901-இல் அவர் விவரித்த இந்த இழைக் கால்வனாமீட்டரின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் காலையும் உப்புநீர்க் கலன்களில் அமிழ்த்தி அமர வேண்டும்.

இவ்வளவு பெரிய கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்வது எப்படி? 1905-இல் மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் இடையிலான ஒன்றரை கிலோமீட்டர் தொலைவைத் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். மருத்துவமனையில் இருப்பவரின் இதயத்துடிப்பு ஆய்வகத்தில் பதிவானது. அப்படிக் கிடைத்த பதிவுகளை 1906-இல் வெளியிட்டார். முழுமையான மின்கடத்தல் தடையின் வரைபடமும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில், ஜெர்மனியில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தூண்டலைக் கடத்தும் கணுவை விவரித்தார். ஒருவர் பாதையைக் கண்டார். மற்றவர் அப்பாதை அறுபட்டதன் தடயத்தைத் தாளில் காட்டினார்.

1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். கருவியை உருவாக்கத் துணைநின்ற பழைய ஆய்வக உதவியாளர் அதற்குள் மறைந்துவிட்டார். வறுமையில் வாழ்ந்த அவருடைய சகோதரிகள் இருவரைத் தேடிக் கண்டுபிடித்து, பரிசுத் தொகையில் பாதியை அளித்தார் என்று அவர் வாழ்வை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். உழைப்பின் பங்கைப் பற்றிப் பல்லாண்டு வகுப்பெடுத்த எனக்கு, அவர் வாழ்வில் மிகவும் பிடித்த பக்கம் இதுதான். 1927 செப்டம்பர் 29 அன்று, தம் 67-ஆவது வயதில் அவர் மறைந்தார்.

270 கிலோ கருவி இன்று கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் சிறு மருத்துவமனைகளிலும் சில நூறு ரூபாயில் இசிஜி எடுக்கலாம். கருவியின் விலை இறங்கிவிட்டது. நம் தாமதத்தின் விலைதான் இறங்கவில்லை. தொழிற்பேட்டையில் சுழலும் இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கோ, நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கோ ஒரு நொடி மயக்கம் போதும்.

காரணம் தெரியாத மயக்கம் வந்தால், பித்தம் என்று ஒதுக்காமல் நாடியை எண்ணிப் பாருங்கள். இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இந்தத் தடை சிலருக்கு வந்து வந்து மறையும். அதனால் ஒரு பதிவு சரியாக இருந்தும் மயக்கம் தொடர்ந்தால், 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பழைய இசிஜி தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். புதியதுடன் ஒப்பிட அவை உதவும்.

என் மார்பில் தோலுக்கடியில் இப்போது ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. மாலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டேன். அந்த முதல் இசிஜி தாளை, என் பட்டச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறேன்.

(செப்டம்பர் 29: வில்லெம் ஐந்தோவன் நினைவு நாள்)

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).