பென்னிகுயிக்: ஒரு குடிப்பெயரின் நெடும்பயணம்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், மேலூர், வாடிப்பட்டி, நிலக்கோட்டை வட்டாரங்களில் உழவரிடையே மதிப்போடு வழங்கும் அயல்நாட்டுப் பெயர் ஒன்று உண்டு. அது பென்னிகுயிக் என்பதாகும். கம்பம் பள்ளத்தாக்கில் பெற்றோர் சிலர் தம் ஆண் குழந்தைகளுக்கே அப்பெயரைச் சூட்டியுள்ளனர். கடல் கடந்த ஒரு நாட்டின் குடிப்பெயர் தமிழ்நாட்டுத் தொட்டிலில் எவ்வாறு வந்து சேர்ந்தது? அப்பெயரின் வரலாற்றையும், அதனை இங்குக் கொணர்ந்த ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் வாழ்க்கையையும் ஒருசேரக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் பிறந்த ஊர்

மேலைநாட்டுக் குடிப்பெயர்கள் பலவகைப்படும். அயர்லாந்தில் 'ஓ' என்னும் முன்னொட்டு, இன்னாருடைய வழித்தோன்றல் என்பதைக் குறிக்கும். 'மாக்' என்பது மகன் எனப் பொருள்படும். ஸ்காட்லாந்திலோ ஊர்ப்பெயரே குடிப்பெயராக நின்றுவிட்ட குடும்பங்கள் பல. நம்மவர் ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன் வைப்பர். அவர்கள் பின் வைத்தனர்.

பென்னிகுயிக் என்பதும் அத்தகைய ஊர்ப்பெயரே. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே, வட எஸ்க் ஆற்றங்கரையில் அவ்வூர் உள்ளது. ஆங்கிலம் அங்குப் பரவுமுன் வழங்கிய, வேல்ஸ் மொழிக்கு உறவான பழைய பிரித்தானிய மொழியில், 'பென்' என்றால் குன்று. 'கோக்' என்றால் குயிலினப் பறவை. ஆகவே குயிற்குன்றம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். அந்நிலத்தை ஆண்ட குடும்பம் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. பின்னர் நிலம் கைமாறிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. எழுத்தில் பல வடிவங்களைப் பெற்று, நாடெங்கும் பரவிற்று. 1652 முதல் 1722 வரை வாழ்ந்த மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் பென்னிகுயிக் இப்பெயரினர்களுள் ஒருவர். அந்நாட்டார் இப்பெயரைப் பென்னிகுக் என்றே ஒலிப்பர். நாம் எழுத்தைப் பார்த்துப் பென்னிகுயிக் என்கிறோம். அதனால் நம் நாவில் குயிலின் ஒலி தற்செயலாக வந்து அமர்ந்துவிட்டது!

இந்தியாவுக்கு வந்த குடும்பம்

ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். தந்தை பிரிகேடியர் ஜான் பென்னிகுயிக், ஆங்கிலப் படையில் பணியாற்றியவர். 1849 ஜனவரி 13-இல் பஞ்சாபின் சிலியன்வாலாப் போரில் தந்தை வீழ்ந்தார். அதே களத்தில் பதினேழே வயதான தமையன் அலெக்சாண்டரும் மாண்டார். எட்டாம் பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருக்கையில் அச்சிறுவன் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தான்.

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் கல்லூரியிலும், அடிஸ்கோம்பு படைக்கல்லூரியிலும் பயின்ற அவர், சென்னைப் பொறியாளர் படையிற் சேர்ந்து 1860-இல் இந்தியா திரும்பினார். அபிசீனியப் படையெடுப்பிலும் பணிபுரிந்தார். ஆயினும் அவர் பெயரை நிலைக்கச் செய்தது போர்க்களம் அன்று, பொதுப்பணித் துறையே.

நூறாண்டுக் கனவு

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழை பொழிகிறது. அந்நீரைப் பெரியாறு மேற்கே கொண்டுபோய் அரபிக்கடலில் சேர்த்தது. மலைக்குக் கிழக்கேயோ வையை நம்பிய நிலம் வானம் பார்த்துக் கிடந்தது. அந்நீரைக் கிழக்கே திருப்பலாகாதா என்ற எண்ணம் முதலில் எழுந்தது தமிழர் உள்ளத்திலேதான். 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பி ஆராய்ந்தார். பொருளின்மையால் முயற்சி நின்றது. 1808-இல் கேப்டன் கால்டுவெல் என்னும் பொறியாளர் அது இயலாத செயல் எனக் கருத்துரைத்தார். இவர் நாம் அறிந்த மொழிநூல் அறிஞர் கால்டுவெல் ஐயர் அல்லர். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814-இல் அயர்லாந்தில் பிறந்தவர் ஐயர். குளிர்ந்த ஊற்று என்னும் பொருளுடைய ஊர்ப்பெயரே அக்குடிப்பெயர். பெயர்கள் கடல் கடப்பது புதிதன்று என்பதற்கு இதுவும் சான்று.

1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம், இனியும் தாமதித்தல் ஆகாது என்பதை அரசுக்கு உணர்த்திற்று. 1882-இல் திட்டம் வகுக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட, 1887-இல் வேலை தொடங்கிற்று.

அணையின் கதை

ஏறத்தாழ 1,200 அடி நீளமுள்ள அணை. சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்த காரையே அதன் உயிர். நீர் கிழக்கே இறங்க, மலையைக் குடைந்து ஏறத்தாழ ஒரு மைல் நீளச் சுரங்கம். அதன்வழி வரும் நீர் சுருளியாற்றில் கலந்து, வையையை அடைந்து, பேரணையில் கால்வாயாகப் பிரிந்து மதுரைச் சமவெளியில் பாய்கிறது. காட்டில் சாலை இல்லை. யானையும் புலியும் திரிந்தன. எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஒவ்வொரு முறையும் அவர் மீண்டும் தொடங்கினார். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

பென்னிகுயிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது மக்கள் வழக்கு. ஆனால் பெரியாற்றுத் திட்டம் சென்னை அரசு தன் கருவூலப் பணத்தால் நடத்திய திட்டமே. அவர் பெருமைக்கு இக்கதை தேவையுமில்லை. வெள்ளம் கொண்டுபோன இடத்திலேயே மறுபடியும் கல் வைத்த நெஞ்சுறுதி ஒன்றே போதாதா?

இங்கு நாம் மறத்தலாகாத செய்தி ஒன்றுண்டு. கல் சுமந்தும் சுண்ணாம்பு அரைத்தும் உழைத்த கூலியாட்களுள் நூற்றுக்கணக்கானோரைக் காலராவும் மலைக்காய்ச்சலும் கொண்டுபோயின. பென்னிகுயிக்கின் பெயருக்குக் கடல் கடந்தும் வேர் தேடுகிறோம். அவர்களுடைய பெயர்களை இன்று யார் சொல்ல வல்லார்? நம் வயலில் பாயும் நீரில் அவர்கள் உழைப்பும் கலந்துள்ளது. ஒருவர் பெயரைப் போற்றுகையில், பெயரின்றி மறைந்தோரையும் நினைப்பதே நன்றியறிதலின் நிறைவாகும்.

இறுதிக் காலமும் நின்ற பெயரும்

ஓய்வுக்குப் பின் அவர் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியற் கல்லூரித் தலைவராக விளங்கினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் வழியை ஆராயவும் அழைக்கப்பெற்றார். 1911 மார்ச் 9-இல் கேம்பர்லி என்னும் ஊரில் காலமானார்.

லோயர் கேம்பில் தமிழக அரசு அமைத்த மணிமண்டபம் 2013 ஜனவரி 15-இல் திறக்கப்பெற்றது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 2022-இல் கேம்பர்லியிலேயே தமிழக அரசு அவருக்குச் சிலை எடுத்தது. தேனி மாவட்டத்துப் பாலார்பட்டி மக்கள் தைத்திங்களில் அவர் பிறந்தநாளன்று பொங்கலிட்டு வணங்குகின்றனர்.

ஸ்காட்லாந்தில் அப்பெயர் ஒரு குன்றைக் குறித்தது; பின்னர் ஒரு குடும்பத்தைக் குறித்தது. மதுரைச் சமவெளியில் அது வயலுக்கு வரும் தண்ணீரைக் குறிக்கிறது. குருதிவழி வந்த பெயர் அக்குடும்பத்தோடு நிற்கும். செயல்வழி வந்த பெயரை ஊரே சூடிக்கொள்ளும். மாணவ நண்பர்களே! நம் பெயரை யார் தந்தார் என்பதோடு, அப்பெயரால் யார் பயன்பெற்றார் என்பதையும் எண்ணி வாழ்வோமாக!