மணல் கடிகார வர்ணனையாளர்



தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போது, திரையின் ஓரத்தில் ஸ்கோர் எப்போதும் தெரிகிறது அல்லவா? படமே இல்லாத வானொலிக் காலத்தில், இடையில் வந்து கேட்பவருக்கு ஸ்கோர் எப்படித் தெரியும்? அதற்கு ஒருவர் எளிய வழி கண்டுபிடித்தார். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணல் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டார். மணல் முழுவதும் கீழே இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். அவர்தான் அமெரிக்காவின் புகழ்பெற்ற விளையாட்டு வர்ணனையாளர் ரெட் பார்பர்.

இவர் 1908ம் ஆண்டு பிப்ரவரி 17ல், மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் என்ற ஊரில் பிறந்தார். இயற்பெயர் வால்டர். தலைமுடி சிவப்பாக இருந்ததால், 'ரெட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா ரயில் இன்ஜின் ஓட்டுனர், அம்மா ஆசிரியை.

புளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, செலவுக்காகத் துப்புரவு வேலையும் பார்த்தார். 1930ல் ஒருநாள், பல்கலைக்கழக வானொலியில் கட்டுரை வாசிக்க வேண்டிய பேராசிரியர் வரவில்லை. அவருக்குப் பதிலாக பார்பரை உட்கார வைத்தனர். கட்டுரை எதைப் பற்றித் தெரியுமா? பசுக்களின் பிரசவம் பற்றி! வானொலி வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

அமெரிக்கர்களுக்கு உயிரான விளையாட்டு பேஸ்பால். நம் கிரிக்கெட் போல மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவது. 1934ல் சின்சினாட்டி நகர அணிக்கு வர்ணனையாளர் ஆனார் பார்பர். அவர் வர்ணித்த முதல் மேஜர் லீக் ஆட்டம்தான், அவர் வாழ்க்கையில் நேரில் பார்த்த முதல் மேஜர் லீக் ஆட்டமும் கூட!

1939ல் நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26ம் தேதி, மேஜர் லீக் பேஸ்பால் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. வர்ணனை செய்தவர் பார்பர். அன்று இருந்தவை இரண்டே கேமராக்கள். திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்க, அவர் எதிரில் பெட்டி எதுவும் இல்லை, ஊகித்துத்தான் பேசினார். விளம்பரமும் அவர் வேலைதான். கிண்ணத்தில் தானிய உணவைக் கொட்டி, வாழைப்பழமும் பாலும் சேர்த்துக் காட்டினார்!

குழந்தைகளே, அவருக்கு வந்த பெரிய சோதனை இனிமேல்தான்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதே இல்லை. அந்தக் கொடுமையை உடைக்கப் போவதாக, டாட்ஜர்ஸ் அணித் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, 1945ல் பார்பரிடம் ரகசியமாகச் சொன்னார். பார்பர் திகைத்துப் போனார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரவே கூடாது என்று பழக்கப்படுத்திய தென்மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். வீட்டுக்குப் போய், வேலையை விட்டுவிடப் போவதாக மனைவி லைலாவிடம் கூறினார். இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார் மனைவி.

பார்பர் யோசித்தார். வெள்ளையராகப் பிறந்தது தன் சாமர்த்தியம் இல்லையே என்பது புரிந்தது. தன் வேலை என்ன? மைதானத்தில் நடப்பதை உள்ளபடி சொல்வது. வீரரின் நிறம் அதில் எங்கே வந்தது? வேலையில் தொடர்ந்தார்.

1947 ஏப்ரல் 15ல், ஜாக்கி ராபின்சன் களம் இறங்கினார். கூட்டத்தில் சிலரும், எதிரணியினரும் அவரை இழிவாக ஏசிய காலம் அது. பார்பரோ, மற்ற வீரர்களின் ஆட்டத்தை எப்படிச் சொன்னாரோ, அப்படியே ராபின்சனின் ஆட்டத்தையும் சொன்னார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லட்சக்கணக்கான வீடுகளில், ராபின்சன் ஒரு நல்ல ஆட்டக்காரராக அறிமுகமானார்.

பிறகு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாறினார் பார்பர். 1966 செப்டம்பர் 22ல், சுமார் 65 ஆயிரம் பேர் அமரும் மைதானத்துக்கு, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 413 பேர்தான். காலி இருக்கைகளைக் காட்டும்படி பார்பர் கேட்டார். கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. படம் சொல்லாததை அவர் வாயால் சொல்லிவிட்டார். சில நாட்களில், அடுத்த ஆண்டு அவருக்கு வேலை இல்லை என்று நிர்வாகம் தெரிவித்தது.

ஆனாலும் மதிப்பு குறையவில்லை. 1978ல் பேஸ்பால் புகழ் மன்றம், வர்ணனையாளர்களுக்கான போர்டு பிரிக் விருதை முதன்முதலாக வழங்கியபோது, அதைப் பெற்ற இருவரில் ஒருவர் பார்பர். மற்றவர் மெல் ஆலன். அவரிடம் தொழில் பழகிய வின் ஸ்கல்லி, 2016 வரை 67 ஆண்டுகள் டாட்ஜர்ஸ் வர்ணனையாளராக இருந்து சாதனை படைத்தார்.

1992 அக்டோபர் 22ல், 84வது வயதில் பார்பர் காலமானார்.

செல்வங்களே, பள்ளியில் நடந்த ஒன்றை நீங்கள் வீட்டில் சொல்லும்போது, நீங்களும் வர்ணனையாளர்தான். பிடித்த நண்பனுக்காக ஒன்றைக் கூட்டியோ, பிடிக்காதவனுக்காக ஒன்றைக் குறைத்தோ சொல்லாதீர்கள். கண்டதைக் கண்டபடி சொல்லிப் பழகுங்கள்!