சவேரியாரும் இருபது தோணிகளும்

யுத்தகளத்தில் வாளெடுத்தவனுடைய பெயரைச் சரித்திரம் பொன்னெழுத்தில் பொறித்து வைக்கிறது. அவனுக்கும் அவனால் அல்லலுற்ற ஜனங்களுக்கும் சோறும் நீரும் சுமந்து சென்றவனை அது எளிதில் மறந்துவிடுகிறது. 1942-ஆம் ஆண்டில் பர்மாச் சாலை ஜப்பானியர் வசமான பிறகு, சீன தேசத்துக்கு வேண்டிய யுத்த சாமான்களை அஸ்ஸாமிலிருந்து இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டிக் குன்மிங் நகருக்கு விமானங்களே சுமந்து சென்றன. 1945 வரையில் ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு அவ்வழியே போயிற்று. அதன் பொருட்டு நஷ்டமான விமானங்கள் சுமார் 600; உயிரிழந்தும் காணாமலும் போனோர் 1,600-க்கு மேற்பட்டவர். அந்த விமானங்களில் மிகப் பலவற்றை வீழ்த்தியது பகைவனுடைய பீரங்கியன்று. புயற்காற்றும், உறைபனியும், கண்ணை மறைத்த மேகமுமே. ஆயுதமின்றிப் பாரம் சுமப்பவனுக்குப் பகைவனோடு இயற்கையும் சத்துருவாகிறது.

விமானம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த உண்மையைத் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறை அனுபவித்து அறிந்திருந்தது. அங்கே விமானத்துக்குப் பதிலாகத் தோணி. மலைக்குப் பதிலாகக் கடல். அந்த அனுபவத்தோடு பிணைந்த பெயர் பிரான்சிஸ் சவேரியார். அவரை மத குருவாகவே பலரும் அறிவர். யுத்த காலத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குப் படகு திரட்டிய மனிதராக அவரை அறிந்தோர் சிலரே. அந்த வரலாற்றில் தேசத் தொண்டர்கள் கருதத்தக்க பாடம் ஒன்று உண்டு.

சவேரியார் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி நவார் நாட்டில் ஒரு பிரபுவின் கோட்டையில் பிறந்தார். இளமையிலேயே தம் நாடு அந்நியர் படையெடுப்பால் சுதந்திரம் இழந்ததைக் கண்டவர். 1525-இல் பாரிஸ் சர்வகலாசாலைக்குச் சென்று கல்வியில் தேர்ந்தார். அங்கே இக்நேசியஸ் லொயோலாவின் நட்பு அவருடைய வாழ்க்கையை மாற்றியது. 1534-இல் அவரும் தோழர்களும் துறவு விரதம் பூண்டனர். அவர்கள் நிறுவிய இயேசு சபை 1540-இல் போப்பாண்டவரின் அங்கீகாரம் பெற்றது. அடுத்த ஆண்டே போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜானின் விருப்பப்படி லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே மாதம் 6-ஆம் தேதி கோவாவை அடைந்தார். அவ்வாண்டு முடியுமுன் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் அக்கரையின் நிலை பரிதாபமானது. முத்துக் குளிப்பின் உரிமை பற்றிப் பரதவருக்கும் பிறருக்கும் கடும் பகை மூண்டிருந்தது. பரதவர் கொச்சிக்குத் தூது அனுப்பிப் பறங்கியரின் உதவியை நாடினர். 1536, 1537 ஆகிய ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றனர். பாதுகாப்புத் தருவதாகப் பறங்கியர் வாக்களித்தனர். அந்தப் பாதுகாப்புக்கு விலையும் வாங்கினர். போர்ச்சுகல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்றே இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை சென்றது. மூச்சடக்கிக் கடலின் அடித்தளத்தில் சிப்பி பொறுக்கியவனுடைய உழைப்பு, கடல் கடந்த அரண்மனையின் காலணியாயிற்று! அத்தொகையைக் கரையூர்களில் போதிப்போருடைய சம்பளத்துக்குத் தருமாறு அரசிக்கு எழுதிப் பெற்றவர் சவேரியார்.

அவர் தமிழ் அறியாதவராய் வந்தார். இரு பாஷையும் தெரிந்த உள்ளூராரைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரைத் திரட்டினார். தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என ஊர் ஊராக அவர் நடந்த மணல் வழி நெடியது.

1544-ஆம் ஆண்டில் அக்கரையில் யுத்தம் புகுந்தது. விஜயநகரப் பேரரசின் படைகள் தெற்கு நோக்கி வந்தன. அவற்றைச் சேர்ந்த வடுகக் குதிரை வீரர் ஜூன் மாதத்தில் குமரிமுனைப் பக்கத்துக் கரையூர்களில் பாய்ந்தனர். சிலரைச் சிறைபிடித்துச் சென்றனர். மற்றவர்கள் கடலுக்குள் ஓடி, கரைக்கு அப்பாலுள்ள பாறைகளின்மேல் ஏறிக்கொண்டனர். குதிரை கடலில் இறங்காது. ஆகையால் உயிர் தப்பியது. ஆனால் பாறையில் நெல் விளையுமா, நன்னீர் சுரக்குமா? வாளுக்குத் தப்பியவர்கள் பசிக்கும் தாகத்துக்கும் இரையாயினர்.

செய்தி மணப்பாட்டில் இருந்த சவேரியாருக்கு எட்டியது. அன்றிரவே மணப்பாட்டுத் தோணிகள் இருபதைத் திரட்டிக்கொண்டு அவர் புறப்பட்டார். மணப்பாட்டிலிருந்து குமரிமுனை சுமார் 40 மைல். நல்ல காற்றிருந்தால் பெரிய தூரமன்று. ஆனால் அது ஆனி மாதம். கரையோரத்தார் கச்சான் என்று அழைக்கும் தென்மேற்குக் காற்று முழு வேகத்துடன் வீசும் காலம். குமரியை நோக்கிச் செல்லும் தோணிக்கு அது முகத்துக்கு நேர் எதிர்க்காற்று. எட்டு நாட்கள் கடலிலே போராடியும் தோணிகள் குமரிமுனையை அடையவில்லை. தோணி வலித்த பரதவர் பரம்பரைக் கடலோடிகள்; திறமையிலும் துணிவிலும் குறைந்தவரல்லர். இமயத்தின் மேல் பறந்த விமானியைத் திருப்பியடித்த அதே காற்றுச் சக்திதான் இவர்களையும் திருப்பியடித்தது.

தோல்வியுற்று மீண்டவர் ஓய்ந்திருக்கவில்லை. கடல் வழி அடைபட்டதும் தரை வழியே குமரிக்குச் சென்றார். அங்கே கண்ட காட்சியைத் தம் தோழர் பிரான்சிஸ்கோ மான்சில்லாஸுக்குக் கடிதத்தில் தெரிவித்தார். உண்ண ஒன்றுமில்லாதோர், நடக்க மாட்டாத கிழவர்கள், இறந்து கிடந்தோர், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோரைப் பற்றி அவர் எழுதியது கல்நெஞ்சையும் கரைக்கும். அகதிகளின் உதவிக்காக ஊர்த் தலைவர்களாகிய பட்டங்கட்டிகளைப் பொருள் திரட்டச் சொன்னார். ஆனால் ஏழைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் எச்சரித்தார். நிவாரணத்தின் பெயரால் ஏழையை மீண்டும் பிழியும் வழக்கம் எக்காலத்துக்கும் உரியது. அதை உணர்ந்திருந்தது அவருடைய நிர்வாக ஞானம்.

இனி, அவ்வாண்டு செப்டம்பரில் தூத்துக்குடியில் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் மையம். அங்கே பறங்கியரின் காப்டனாக இருந்தவன் கொஸ்மே தெ பைவா. கரை ஜனங்களைக் காப்பது அவன் கடமை. அக்காலத்துத் தென்னாட்டு அரசர்களுக்குக் குதிரை, பிற்காலத்து அரசாங்கங்களுக்கு விமானம் போன்றது. அரபு தேசத்திலிருந்து கடல் வழியே வந்த குதிரையின் வியாபாரம் பறங்கியர் கையில் இருந்தது. போரிட்டுக் கொண்டிருந்த உள்நாட்டு அரசருக்குக் குதிரை விற்று ஆதாயம் தேடினான் இந்தக் காவலன். ஜனங்களை மிதித்த யுத்தத்தில் காவலனுக்கே பங்கு இருந்தது! சவேரியார் அவனுடைய தீச்செயல்களைக் கண்டித்துக் கடுமையாக எழுதினார்.

யுத்தம் தூத்துக்குடிக்கே வந்தது. காப்டனுடைய கப்பல் எரிக்கப்பட்டது, வீடும் எரிக்கப்பட்டது. அவன் கடலிலுள்ள தீவுகளுக்கு ஓடி ஒளிந்தான். ஊராரும் தீவுகளில் அடைக்கலம் புகுந்தனர். மன்னார் வளைகுடாவின் அத்தீவுகள் பவளப்பாறையின்மேல் மணல் படிந்து உண்டானவை. குடியிருப்போருக்குப் போதிய உணவோ நீரோ தர வல்லவையல்ல. கப்பல் போனபின் கரைக்கும் தீவுக்கும் இடையே உயிர்நாடியாக நின்றவை கரையூர்த் தோணிகளே.

ஆலந்தலையிலிருந்து சவேரியார் உடனே கட்டளை அனுப்பினார். புன்னைக்காயல் படகுகள் அனைத்தும் நீர் ஏற்றிக்கொண்டு செல்ல வேண்டும். கொம்புத்துறை, வேம்பாறு ஊர்களின் பட்டங்கட்டிகளும் உணவும் நீரும் அனுப்ப வேண்டும். தம் வருகையைக் காப்டன் விரும்பமாட்டான் என்று கருதியதால் தாம் நேரே செல்லவில்லை. ஆனால் அந்தக் கசப்பை உதவிக்குத் தடையாக வைக்கவும் இல்லை. தீவில் கிடந்த ஜனங்களுக்கு மட்டுமன்றி, அவர்களைக் கைவிட்ட காப்டனுக்கும் சேர்த்தே நீர் போயிற்று. ஓடிப்போனவர்களுடைய வீடுகளில் புகுந்து குடியேறியவர்களை மட்டும் அவர் மன்னிக்கவில்லை. அத்தகையோரைச் சங்கு குளிக்க அழைக்கலாகாது என்று தடுத்தார்.

1545 ஜனவரியில் அவர் போர்ச்சுகல் அரசருக்கே எழுதி, இந்தியாவிலுள்ள உத்தியோகஸ்தர்களின் பேராசையைக் கண்டித்தார். இதனால் அவரை ஏகாதிபத்தியத்தின் விரோதி என்று கொள்வது பிழையாகும். அவர் அந்த ராஜாங்கத்தின் நிழலிலேயே வந்தவர். கோவாவில் மத விசாரணை மன்றம் அமைக்க வேண்டுமென்று 1546-இல் அரசருக்கு எழுதியவரும் அவரே. அவர் மறைந்த பின், 1560-இல் ஏற்பட்ட அந்த மன்றம் விளைத்த துன்பங்களை நம் நாடு மறக்க இயலாது. ஒரு மனிதருடைய நற்செயலைப் போற்றுவதற்காக அவருடைய பிழையை மறைப்பது சரித்திரமாகாது. பிழையைக் காரணமாகக் கொண்டு நற்செயலை மறுப்பதும் நீதியாகாது.

1545-இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கி, பின்னர் மலாக்காவுக்கும் மொலுக்கஸ் தீவுகளுக்கும் சென்றார். 1549 ஆகஸ்டு 15-ஆம் தேதி ஜப்பானில் காகோஷிமாவில் இறங்கினார். கடைசியாகச் சீன தேசம் புக விரும்பி, அதன் கரைக்கு எதிரேயுள்ள சாங்சுவான் தீவில் தங்கினார். அங்கிருந்து அக்கரை சேர்க்க ஒரு சீன வியாபாரி படகு கொண்டுவருவதாகக் கூறியிருந்தான். அந்தப் படகு வரவில்லை. 1552 டிசம்பர் 3-ஆம் தேதி, காய்ச்சலுற்று, அத்தீவிலேயே உயிர் நீத்தார். தீவில் தவித்தோருக்குப் படகு அனுப்பியவர், தீவில் படகுக்குக் காத்திருந்து மாண்டார். 1622-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவருடைய உடல் கோவாவில் பாம் ஜீசஸ் ஆலயத்தில் இருக்கிறது.

குமரியை அடையாமல் திரும்பிய இருபது தோணிகள் அவருடைய வாழ்க்கையில் ஒரு தோல்வியே. ஆயினும் அத்தோல்வி, காவல் செய்வதாகச் சொல்லி விலை வாங்கியவன் யார், கூலி கேளாமல் காற்றை எதிர்த்தவன் யார் என்பதை வெளிப்படுத்திவிட்டது. பீரங்கியும் கப்பலும் உடைய காப்டன் குதிரை விற்றான். வலையும் தோணியும் மட்டும் உடைய பரதவன் நீர் சுமந்தான். ஓர் ஆட்சியின் தகுதியை அதன் கோட்டையின் உயரத்தால் அளக்க வேண்டாம். அபாயம் வந்த நாளில் பாறைமேல் தவிக்கும் குடிக்கு யார் தண்ணீர் கொண்டுவந்தார் என்று கேட்டால் போதும். பிறர் காவலை விலைக்கு வாங்கும் ஜனசமூகம் அந்த விலையோடு தன் உயிரையும் கொடுக்க நேரும் என்பதை, தூத்துக்குடிக் கடலில் எரிந்துபோன அந்தக் கப்பல் நமக்கு உணர்த்துகிறது.