எல்லா காருக்கும் ஒரே எஞ்சின்... ரூட்டை மாத்திய கோவை கரி!

பட்டினப்பாக்கம் லூப் ரோட்டுல சனிக்கிழமை ராத்திரி நின்னு பாருங்க. சைலன்சரை மாத்தி, ஏர் ஃபில்டரை மாத்தி, காது கிழியப் பறக்கும் சில பைக்குகள். யார் கெத்துன்னு கேட்டா, பெரும்பாலும் வண்டிக்கு அதிகம் செலவு பண்ணவர்தான்.

சோழவரத்துலயும் ஒருகாலத்தில் இதே கதைதான். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களைப் பார்க்க சென்னையே திரண்டு போகும். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி பண்ண முடிஞ்ச பணக்காரர்கள் ஒரு பக்கம். நம்ம ஊர் ஃபியட்டையே குடைஞ்சு குடைஞ்சு வேகம் ஏத்தினவங்க இன்னொரு பக்கம்.

அங்கே ஓட்டி ஜெயித்தவர் சுந்தரம் கரிவரதன். 1954-ல் பிறந்தவர், கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. அவர் நினைச்சிருந்தா வெளிநாட்டு கார் வாங்கி ஓட்டிட்டே இருந்திருக்கலாம். ஆனா, எண்பதுகளின் கடைசியில் அவர் செஞ்சது வேற. மாருதி 800-ல இருக்கும் அதே 796 சிசி, மூணு சிலிண்டர் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை கோவையிலேயே வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி.

பார்க்க பொம்மை கார் மாதிரிதான் இருக்கும். விஷயம் காரில் இல்லைங்க, விதியில் இருக்கு. எல்லோருக்கும் அதே எஞ்சின், அதே மாதிரி கார். அப்போ ஜெயிக்க ஒரே வழி, நல்லா ஓட்டணும்!

இப்படி ஒரு விதி போட்டா, அதைக் காப்பாத்த செக்கிங்கும் வேணும். பந்தயத்துக்கு முன்னாடி காரை எடை போடுவாங்க, பெல்ட், பிரேக் எல்லாம் பார்ப்பாங்க. முடிஞ்ச பிறகும் விட மாட்டாங்க. சந்தேகம் வந்தா எஞ்சினைப் பிரிச்சு சிலிண்டரை அளப்பாங்க. எடை குறைஞ்சா, ஜெயிச்ச கப்பும் போச்சு. கறாரா தெரியுதா? இந்த செக்கிங் இல்லைன்னா, நாலே மாசத்தில் மறுபடி பணக்காரர் பந்தயம் ஆகிடும்.

கரியின் காரில் ஏறியவர்களில் ஒருத்தர் கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன். முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறினார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரும் அவரே. அதைப் பார்க்க கரி இல்லை. 1995-ல், நாற்பதைத் தொட்ட வயசில், சிறு விமான விபத்தில் இறந்துபோனார்.

அஜித் துபாயில் 24 மணி நேர ரேஸ் ஓட்டினப்போ ராத்திரி முழுக்க கண் விழிச்சீங்களா? அப்போ இதையும் கேளுங்க. 2000-ல் ஃபார்முலா மாருதி சாம்பியன் ஆனவர் நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக். 2012-ல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவர் அணி ஆறாவது இடம். அங்கே கார் செக்கிங்கையே ஊர் நடுவில், கூட்டத்துக்கு முன்னாடி திருவிழா மாதிரி நடத்துவாங்க. எடை மேடையில் காரை ஏத்தும்போது ஜனம் முண்டியடிச்சுப் பார்க்கும்.

கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடத்துக்கு கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு பேர் வச்சாங்க. லூப் ரோட்டு பைக் பசங்க யாராச்சும் படிச்சா, வண்டியை எடுத்துக்கிட்டு அங்கே போங்க. ஹெல்மெட் இல்லாம கேட்டையே தாண்ட விட மாட்டாங்க.