எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்

உயிர்நூல் கற்பார்க்குக் கடல் ஒரு பெரும் புத்தகமாகும். அப்புத்தகத்தைக் கரையோரத்து ஆராய்ச்சிசாலையொன்றில் இருபது கோடைகாலம் பொறுமையுடன் பயின்று புகழெய்தியவர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்னும் அமெரிக்க அறிஞர். பட்டம் பெற்றபின் ஆராய்ச்சித் துறையிற் புக விரும்பும் மாணவர்க்கு அவருடைய சரித்திரம் பெரிதும் பயன் தருவதாம்.

ஜஸ்ட் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் தேதி, தென் கரோலினா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். அடிமைத்தளை நீங்கி இருபதாண்டுகளும் நிரம்பாத கறுப்பின மக்களிடையே தோன்றியவர் அவர். நான்கு வயதிலேயே தந்தையை இழந்தார். அன்னையார் மேரி அம்மையார் பள்ளி ஆசிரியையாயிருந்ததோடு, பாஸ்பேட் சுரங்கங்களிலும் உழைத்துக் குடும்பத்தைப் பேணினார். 1900-இல் ஜஸ்ட் வடபுலஞ் சென்று, நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள கிம்பல் யூனியன் பள்ளியில் நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் முடித்தார். அங்குப் படிக்கும் நாளிலேயே அன்னையாரும் காலமாயினர். துயரத்தால் தளராது டார்ட்மத் கலாசாலையிற் சேர்ந்து, 1907-இல் உயர்ந்த சிறப்புடன் பட்டம் பெற்றார்.

அந்நாளில் கறுப்பின இளைஞர் எத்துணைத் தகுதி உடையராயினும், வெள்ளையர் நடத்திய சர்வகலாசாலைகளில் ஆசிரியப் பதவி பெறுதல் அரிது. ஆதலின் அவர் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு சர்வகலாசாலையில் அமர்ந்து, முதலில் ஆங்கிலமும் பின்னர் உயிர்நூலும் கற்பித்தார். எனினும் ஆராய்ச்சி வேட்கை அவரை விடவில்லை.

மாசச்சூசெட்ஸ் கடற்கரையில் வூட்ஸ் ஹோல் என்னும் சிற்றூர் உளது. அங்கே 1888-இல் நிறுவப்பெற்ற கடல் உயிரியல் ஆராய்ச்சிசாலைக்குக் கோடைதோறும் அறிஞரும் மாணவரும் திரள்வர். அதன் தலைவராயிருந்த பிராங்க் லில்லி என்பார் சிகாகோ சர்வகலாசாலையில் விலங்குநூற் பேராசிரியர். 1909-ஆம் ஆண்டுக் கோடையில் ஜஸ்ட் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். நெரீஸ் என்னும் கடற்புழு, கோடை இரவுகளில், பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி அமாவாசை கழியுமட்டும் கூட்டங்கூட்டமாக நீர்மட்டத்திற்கு வந்து முட்டையிடும். அவற்றை விளக்கொளியிற் சேகரித்தலும், முட்டைகள் கருவுறுவதைப் பூதக்கண்ணாடியால் உற்றுநோக்குதலுமே அவர் பெற்ற முதற் பயிற்சி. விந்தணு முட்டையினுள் எவ்விடத்திற் புகுகின்றதோ, அவ்விடத்தின் வழியாகவே முட்டையின் முதற்பிளவு செல்லுகின்றது என்று 1912-இல் தமது முதற் கட்டுரையால் விளக்கினார்.

ஆண்டின் பெரும்பகுதியில் வகுப்புகள்; கோடையிலோ வூட்ஸ் ஹோலில் ஆராய்ச்சி. இவ்வாறே பல ஆண்டுகள் கழிந்தன. 1915-இல் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் புதிதாக ஏற்படுத்திய ஸ்பின்கார்ன் பதக்கம், எல்லாருக்கும் முதலாக அவருக்கே அளிக்கப்பெற்றது. பின்னர் விடுப்புப் பெற்றுச் சிகாகோவில் தங்கிப் படித்து, 1916-இல் டாக்டர் பட்டம் பெற்றார். வூட்ஸ் ஹோலில் முதன்முதற் கால்வைத்து அப்பொழுது ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

அவருடைய பெருமைக்குக் காரணம் யாதெனில், உயிரினிடத்து அவர் காட்டிய மதிப்பேயாம். கண்ணாடிக் கலங்களில் சிறிதும் மாசு இருத்தலாகாது, கடல்நீர் வெப்பமடைதலாகாது, பிடித்த விலங்கு வாடுதலாகாது என்பன அவர் கைக்கொண்ட விதிகள். முட்டைகள் இயல்பாக வளர்கின்றனவா என்று முதலில் தேர்ந்த பின்னரே பரிசோதனை தொடங்குவார். ஆதலின் முட்டைகளைக் கையாளும் முறைபற்றி ஐயுற்ற ஆராய்ச்சியாளர் அவரையே நாடினர். கடல் முள்ளெலியின் இனமாகிய தட்டையுயிரொன்றின் முட்டையை ஆய்ந்தபோது, ஒரு விந்தணு புகுந்தவுடன் முட்டையின் மேற்பரப்பெங்கும் ஒரு மாறுதல் அலைபோற் பரவி, ஏனை விந்தணுக்களைத் தடுப்பதைக் கண்டார். இதனால் உயிரணுவின் மேற்பரப்பு வெறும் போர்வையன்று, உயிர்ச்செயலில் உட்கருவுக்கு இணையான பங்குடையது என்னும் கொள்கையை வளர்த்தார்.

இத்தகையாருக்கும் தாய்நாட்டின் பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் நிலையான இடம் கொடுக்கவில்லை. மனம் நொந்த ஜஸ்ட் ஐரோப்பாவை நாடினார். 1929-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் ஆராய்ச்சிசாலையிலும், 1930-இல் பெர்லினிலுள்ள கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிலையத்திலும் அவரைச் சமமாக மதித்து வரவேற்றனர். தம் முறைகளைத் தொகுத்த நூலொன்றையும், உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிய நூலொன்றையும் 1939-இல் வெளியிட்டார். பிரான்சு நாட்டு ரோஸ்காப் கடற்கரையில் ஆய்ந்துகொண்டிருக்கையில் யுத்தம் சூழ்ந்தது. 1940-இல் ஜெர்மானியர் அவரைச் சிறைவைத்தனர். விடுதலையாகி அவ்வாண்டே நாடு திரும்பினார்; ஆயினும் கொடிய நோய்வாய்ப்பட்டு, 1941-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி வாஷிங்டனில் உயிர்நீத்தார். அவருக்கு அப்பொழுது வயது 58.

வாழ்நாளில் இடந்தர மறுத்த நாடு, 1996-இல் அவர் உருவந்தாங்கிய தபால்தலையை வெளியிட்டது. ஆனால் அவ்வநீதி அவ்வளவால் நேராகிவிட்டது எனல் பொருந்தாது. தகுதியைக் கண்டும் கதவடைப்போர், அத்தகுதியுடையானை மட்டுமன்றி, அவனால் விளையவிருந்த அறிவையும் இழக்கின்றனர். நம் மாணவரும் தம் ஆய்வுச்சாலையிற் புகுங்கால், கலத்தைத் தூய்மை செய்தல்போன்ற சிறு வேலையையும் இழிவென்று எண்ணாது, அதனிடத்துப் பெரியார் ஜஸ்ட் கொண்டிருந்த சிரத்தையைத் தாமும் கொள்வாராக. தம்முடன் பயில்வோர் யாராயினும் அவர்க்கு அருகே இடந்தருதலும் அவர்தம் கடமையேயாம்.