ஊர்தோறும் தமிழ் தேடியவர்

தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பெறும் உ. வே. சாமிநாத ஐயர் 1855ஆம் ஆண்டு பிறந்தார்; அவர்தம் சொந்த ஊர் உத்தமதானபுரம். ஆயினும் அவர்தம் தமிழார்வம் அரும்பியது அரியலூரிலே. அவ்வூர்ச் சடகோபையங்கார் செய்யுளின் சுவையை அவருக்கு முதன்முதல் ஊட்டினார்.

தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர், செல்வமில்லாதவர். மைந்தரும் இசை வல்லவராதலையே அவர் விரும்பினார். எனினும், பிள்ளையின் உள்ளம் தமிழையே நாடக் கண்டு, கற்பிப்போர் உள்ள ஊர்களைத் தேடிக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். எளிய செயலா அது! குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் ஆகியோரிடம் பாடம் கேட்ட பின்னர், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் பயின்றார் சாமிநாதர். 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்தார். ஆசிரியர் தங்குதடையின்றிப் பாடல் சொல்ல, அதனை ஏட்டில் எழுதி எழுதி அவர் கை தேர்ந்தது. வறுமை மட்டும் நீங்கவில்லை. கடன் தீர்க்கப் பெரம்பலூரை அடுத்த காரையிலே புராணப் பிரசங்கம் செய்தார்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். முதுமையிலும் எழுதுகோலை அவர் கீழே வைத்தாரல்லர். எண்பத்தைந்தை எட்டும் பருவத்தில், 1940இல், ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அரியலூர், குன்னம் ஆசிரியர்களை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அந்நூலாலேயே. அது முற்றுப்பெறுமுன், 1942 ஏப்ரல் 28ஆம் நாள் அவர் மறைந்தார்.